லேசர் என்றதும் பின்வாங்காதீர்கள்: பிள்ளைகளின் கடும் கண் அழுத்த நோய் பற்றிச் சில விளக்கங்கள்

கடந்த வருடம் ஒரு நாள் பாடசாலை விட்ட பின்னர், எனது வகுப்பில் படிக்கும் ஒரு மாணவனின் தாய் என்னைத் தேடி வந்தார். கையில் கசங்கிய ஒரு கிளினிக் கொப்பி. அதற்குள் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டு.

"டீச்சர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. மகன்ட இடது கண்ணுக்கு லேசர் அடிக்கப் போறாங்களாம். ரெண்டு தரம் ஒபரேஷன் செஞ்சும் சரிவரல்ல. லேசர் எண்டா கண்ணச் சுட்டு எரிக்கிறதாம் எண்டு வீட்டுல எல்லாரும் பயமுறுத்துறாங்க. நான் கையெழுத்துப் போடவா, வேணாமா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்திருக்கிறேன். கண் வைத்தியம் படிக்கவில்லை. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று அந்தத் தாயை அனுப்பிவிடவும் மனம் வரவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பிள்ளை தரம் 1இல் இருந்தபோது, காலைக் கூட்டத்தில் வெயிலைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பான். நான் அதைக் குறும்பு என்று நினைத்து இரண்டு தடவை ஏசியிருக்கிறேன். அது நோயின் அடையாளம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பின்வந்த இரண்டு வாரங்களில் தேடி வாசித்தேன். அந்தத் தாயுடன் கிளினிக்குக்கும் போய், வைத்திய நிபுணரிடம் எமது கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவ்வாறு அறிந்துகொண்டதை எமது சமூகத்தின் ஏனைய பெற்றோருக்கும் பயன்படும் என்ற நோக்கில் எழுதுகிறேன். இது வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாக அமையாது. வைத்தியரிடம் போகும்போது பயத்தோடு அல்லாமல் விளக்கத்தோடு போவதற்கு உதவினால் போதும்.

கண்ணுக்குள் ஒரு வயல்

எமது கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர்மய உடனீர் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்போம். இது கண்ணீர் அல்ல. கண்ணீர் கண்ணுக்கு வெளியே சுரப்பது. இந்தத் திரவம் கண்ணுக்கு உள்ளேயே, கதிராளிக்குப் பின்னால் வளையம்போல் அமைந்திருக்கும் பிசிருடலில் உற்பத்தியாகிறது. அளவு மிகச் சிறியது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலீற்றர் வரைதான். ஒரு சொட்டு சேருவதற்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். உற்பத்தியான திரவம் கண்மணி வழியாக முன்னே வந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் மூலையில் இருக்கும் சல்லடை போன்ற வடிகாலினால் வெளியேறி இரத்தத்துடன் கலந்துவிடுகிறது.

வயல் செய்யும் ஊரவர்களுக்கு இதை விளக்குவது இலகு. வாய்க்காலால் தண்ணீர் வருகிறது. வடிச்சலால் போகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை பயிருக்குச் சேதமில்லை. வடிச்சல் அடைபட்டால் தண்ணீர் தேங்கும். கண்ணில் இவ்வாறு தேங்கும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. வளர்ந்தவர்களின் கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. நான் வாசித்துக் காட்டிய கொப்பியில் அந்தப் பிள்ளையின் இடது கண்ணுக்கு 34 என்று எழுதியிருந்தது.

கூடிய அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சாகடிக்கிறது. செத்த நரம்பு நார்களை உயிர்ப்பிக்க இன்றுவரை எந்த மருந்தும் இல்லை. ஆகவே குளுக்கோமா எனப்படும் இந்த நோய்க்குச் செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதற்காகச் செய்யப்படுவதல்ல. இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்படுகிறது. இந்த ஒரு விடயத்தை விளங்காததால்தான் பலர், "ஒபரேஷன் செய்தும் பார்வை கூடவில்லையே" என்று மனமுடைந்து கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பின்னர் எஞ்சியிருந்ததும் போய்விடுகிறது.

அழகான பெரிய கண்கள்

குளுக்கோமா வயது போனவர்களுக்கு வருவது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில பிள்ளைகள் அந்த வடிகால் சரியாக வளர்ச்சியடையாத நிலையிலேயே பிறக்கின்றன. குழந்தையின் கண்சுவர் மென்மையானது. எனவே அழுத்தம் கூடும்போது கண்ணே பலூன்போல் விரிகிறது. பிறந்த குழந்தையின் கருவிழி வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். அது 11ஐத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் 12ஐத் தாண்டினால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இந்தப் பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "மாஷா அல்லாஹ், என்ன பெரிய கண்!" என்று புகழ்ந்தார்களாம். கண்ணூறு படும் என்று பயந்து உம்மம்மா கறுப்புப் பொட்டும் வைத்தாராம். கிரேக்க மொழியிலிருந்து வந்த இந்நிலைக்கான மருத்துவப் பெயரின் கருத்தே "மாட்டுக் கண்" என்பதுதான். எல்லாப் பெரிய கண்ணும் நோயல்ல. ஆனால் பெரிய கண்ணுடன் பின்வரும் மூன்றில் ஒன்றாவது இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

முதலாவது, அழாமலே கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருத்தல். இரண்டாவது, வெளிச்சத்தைக் கண்டதும் கண்ணை இறுக மூடுதல், முகத்தைத் தாயின் மார்பில் புதைத்தல். மூன்றாவது, கருவிழி கண்ணாடிபோல் தெளிவாக இல்லாமல் புகைபடிந்தாற்போல் சாம்பல் நீலமாகத் தெரிதல். கண்ணீர்க் குழாய் அடைப்பினாலும் கண்ணீர் வடியும் என்பதால் பலர் இதையும் அதுவென்றே எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்து விடுகிறார்கள். வெளிச்சத்துக்குக் கூசுவதும் சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது காட்டுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை வெறும் நிறை குறிக்கும் புத்தகமாக மட்டும் பாவிக்க வேண்டாம்.

முதலில் வடிகாலைத் திறப்பார்கள்

லேசர் முதல் சிகிச்சை அல்ல. இதை அந்தத் தாய்க்கு நான் முதலில் விளங்கப்படுத்தினேன். பிறவிக் குளுக்கோமாவுக்கு மருந்துச் சொட்டுக்கள் தற்காலிக உதவிதான். உண்மையான சிகிச்சை, அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடும் சத்திர சிகிச்சை. அமெரிக்காவைச் சேர்ந்த ஒட்டோ பார்கன் என்ற கண் வைத்தியர் 1930களின் இறுதியிலும் 1940களிலும் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். அதற்கு முன்னர் இந்நோயுடன் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பார்வையிழந்து போனார்கள். இன்று முதல் வருடத்துக்குள் கண்டுபிடித்துச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தச் சத்திர சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இந்தப் பிள்ளையின் வலது கண் அவ்வாறுதான் காப்பாற்றப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

அது பலிக்காவிட்டால் புதிதாக ஒரு வழியை வெட்டிவிடுவார்கள். அல்லது ஒரு சிறிய குழாயைக் கண்ணுக்குள் வைத்து, அதன் மறுமுனையிலுள்ள தட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, திரவம் அதன்மேல் வடியச் செய்வார்கள். உலகெங்கும் பாவிக்கப்படும் இத்தகைய ஒரு சாதனத்துக்கு "அஹ்மத் வால்வு" என்று பெயர். மதீன் அஹ்மத் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அது 1993 முதல் பாவனையில் இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஓரோலாப் நிறுவனமும் 2013இல் இருந்து குறைந்த விலையில் இவ்வகைச் சாதனம் ஒன்றைத் தயாரிக்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஏன் சில கண்கள் அடங்குவதில்லை? பிள்ளைகளின் உடல் காயத்தை மிக வேகமாக ஆற்றிவிடுகிறது. முழங்கால் உராய்ந்தால் நல்லது. ஆனால் வைத்தியர் வெட்டிய வழியையும் அதே வேகத்தில் தழும்பு மூடிவிடுகிறது. பிறவியிலேயே வெண்புரை நீக்கப்பட்ட கண்கள், கதிராளி இல்லாமல் பிறந்த கண்கள், முகத்தில் சிவந்த பிறவித் தழும்புடன் வரும் ஸ்டேர்ஜ்-வெபர் என்ற நிலை உள்ள கண்கள் ஆகியவற்றில் இச்சிக்கல் அதிகம். இவ்வாறு சத்திர சிகிச்சைக்கும் சொட்டு மருந்துக்கும் கட்டுப்படாததைத்தான் கடும் குளுக்கோமா என்கிறார்கள்.

லேசர் என்ன செய்கிறது?

வடிச்சலைத் தோண்டித் தோண்டியும் மண் சரிந்து மூடினால் விவசாயி என்ன செய்வார்? வாய்க்காலின் வாயைக் கொஞ்சம் அடைப்பார். இந்த லேசரும் அதையே செய்கிறது. வடிகாலை விட்டுவிட்டு, திரவத்தை உற்பத்தி செய்யும் பிசிருடலின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது.

இந்த எண்ணம் லேசருக்கு முந்தியது. 1930களில் மின்சூட்டினால் செய்து பார்த்தார்கள். 1950இல் இத்தாலியில் பியெற்றி என்பவர் கடுங்குளிரால் உறைய வைக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். இரண்டும் சுற்றியிருந்த பாகங்களையும் சேர்த்துப் பாதித்தன. வீக்கமும் வலியும் அதிகம். 1960இல் தியோடர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1972இல் பெக்மன் என்பவரும் அவரது குழுவினரும் லேசரைக் கொண்டு பிசிருடலைச் சுடும் முறையை அறிவித்தார்கள். இப்போது பரவலாகப் பாவிக்கப்படும் டயோட் லேசர் 1990களில் வந்தது.

அதன் அலைநீளம் 810 நானோமீற்றர். அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. இதன் சிறப்பு, வெள்ளை நிறமான கண்சுவரைப் பெரிதாகப் பாதிக்காமல் ஊடுருவிச் சென்று, கறுப்பு நிறமியான மெலனின் உள்ள இடத்தில் உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறுவது. பிசிருடலில் மெலனின் நிறைய உண்டு. வெள்ளைச் சட்டையையும் கறுப்புச் சட்டையையும் வெயிலில் காயப்போட்டால் கறுப்பு அதிகம் சூடாவதைப் பிள்ளைகளே அறிவார்கள். அதே கதைதான்.

பேனை போன்ற ஒரு கருவியின் நுனியை, கருவிழியின் ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில், வெள்ளைப் பகுதியின் மேல் வைக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய 2 செக்கன் கதிர் செலுத்தப்படும். வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக நகர்வார்கள். மணிக்கூட்டு முகத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடங்களில் முக்கியமான நரம்புகள் செல்வதால் அவற்றை விட்டுவிடுவார்கள். முழு வட்டத்தையும் ஒரேயடியாகச் சுடுவதும் வழக்கமில்லை. உள்ளே "பொப்" என்று மெல்லிய வெடிச் சத்தம் கேட்டால் வெப்பம் கூடிவிட்டது என்று அர்த்தம். வைத்தியர் சக்தியைக் குறைப்பார். கத்தி இல்லை, தையல் இல்லை. லேசர் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

விரிந்துபோன பிள்ளைக் கண்ணில் பிசிருடல் வழமையான இடத்திலிருந்து விலகியிருக்கும். அதனால் ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சி, அதன் நிழலைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டே லேசரைச் செலுத்த வேண்டும். இதற்கு அனுபவமுள்ள கை தேவை. தூரமாக இருந்தாலும் பிள்ளைகளின் குளுக்கோமாவைத் தொடர்ந்து பார்க்கும் பிரிவுக்கே போகச் சொல்வது இதனால்தான்.

இப்போது வேறு இரண்டு வகைகளும் உள்ளன. ஒன்றில் கதிரைத் தொடர்ச்சியாக விடாமல், விட்டுவிட்டு நுண்துடிப்புக்களாகச் செலுத்துகிறார்கள். இடையிடையே திசு குளிர்வதால் சேதம் குறையும் என்பது அதன் நோக்கம். மற்றையதில் மெல்லிய கமராவைக் கண்ணுக்குள் செலுத்தி, பிசிருடலை நேரடியாகப் பார்த்தே சுடுகிறார்கள். எந்தக் கண்ணுக்கு எது பொருத்தம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு தடவையுடன் முடியுமா?

இதுதான் அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி. உண்மையைச் சொல்வதென்றால், பெரும்பாலும் முடிவதில்லை. பிள்ளைகளின் திசு மீண்டும் வளரும் ஆற்றல் கொண்டது. சுடப்பட்ட பகுதி ஓரளவு தேறி மறுபடியும் திரவம் சுரக்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் தடவை தேவைப்படுவது வழமை. அது முதல் தடவை பிழைத்துவிட்டது என்பதற்கான அடையாளமல்ல. வைத்தியர்கள் வேண்டுமென்றேதான் குறைவாகச் சுடுகிறார்கள். ஏனெனில் கூடுதலாகச் சுட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. திரவம் மிகக் குறைந்து, அழுத்தம் அளவுக்கு மீறி விழுந்து, கண்ணே சுருங்கிப் போகலாம்.

ஆபத்துக்களையும் மறைக்கக் கூடாது. கண்ணுக்குள் அழற்சி, இரத்தக் கசிவு, வெண்புரை, விழித்திரை கழருதல், பார்வை மேலும் குறைதல் ஆகியன நேரலாம். மிக அரிதாக, சிகிச்சை செய்யாத மற்றக் கண்ணிலும் அழற்சி வரலாம். ஆகவேதான் பல காலமாக இந்த லேசரை, பார்வை ஏற்கனவே பெருமளவு போன கண்ணுக்கும் வேறு வழியெல்லாம் முயன்று முடிந்த கண்ணுக்குமே பெரும்பாலும் செய்துவந்தார்கள். சில சந்தர்ப்பங்களில் பார்வையுள்ள கண்ணுக்கும், அடுத்த பெரிய சத்திர சிகிச்சை வரை அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவும் செய்கிறார்கள்.

"அப்ப செய்யாம விட்டா என்ன டீச்சர்?" என்று அவர் கேட்டார். அதே கேள்வியை வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன். அவர் சொன்ன பதில் இதுதான்: லேசரால் சேதம் வரலாம், வராமலும் போகலாம். 34 அழுத்தத்தில் விட்டால் சேதம் கட்டாயம் வரும், வலியும் வரும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

பிள்ளைகளுக்கு இது முழு மயக்கத்தில்தான் செய்யப்படும். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். திட உணவு என்றால் பொதுவாக 6 மணித்தியாலம். தாய்ப்பால் 4 மணித்தியாலம். உங்கள் வைத்தியசாலையில் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். பிள்ளை அழுகிறது என்று ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுக்கும் பாசமான மூத்தம்மாக்கள் எமது வீடுகளில் நிறையப் பேர். மயக்கத்தின்போது வாந்தி வந்து சுவாசப்பைக்குள் போனால் உயிராபத்து. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திகதி தள்ளிப்போவது பெரிய நட்டமல்ல.

வீடு வந்த பின்னர் ஓரிரு நாள் வலியும் சிவப்பும் இருக்கும். அழுத்தம் மறுநாளே இறங்கிவிடாது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு வாரங்களாவது ஆகும். எனவே வைத்தியர் நிறுத்தச் சொல்லும் வரை பழைய சொட்டு மருந்துகளைத் தொடர வேண்டும். அழற்சியைக் குறைக்க ஸ்டெரொய்ட் சொட்டும் தருவார்கள். குறித்த நாளுக்கு அது அவசியம். சொட்டை விட்டதும் மூக்கோரமாகக் கண்ணின் மூலையை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து இரத்தத்தில் கலப்பது குறையும். பிள்ளைகளுக்கு இது முக்கியம். ஏனெனில் டிமொலோல் என்ற சொட்டு இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். பிறிமொனிடின் என்ற சொட்டு இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதது. வீட்டில் மூத்தாப்பாவுக்கும் குளுக்கோமா இருக்கிறது என்று அவருடைய சொட்டைப் பிள்ளைக்கு விடுவது எவ்வளவு பாரதூரமானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கடும் வலி, திடீரென்று பார்வை மறைதல், மின்னல்போல் வெளிச்சம் தெரிவதாகப் பிள்ளை சொல்லுதல், மற்றக் கண் சிவத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் உடனே போக வேண்டும்.

அழுத்தம் அடங்கினாலும் வேலை முடியவில்லை. விரிந்த கண்ணில் கிட்டப்பார்வை வரும். மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பி மற்றக் கண்ணை ஒதுக்கிவிடும். அதற்காகத்தான் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிவைக்கும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். "நல்ல கண்ணையா மூடுவது?" என்று கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் என்பது வாழ்நாள் முழுவதும்.

கொஞ்சம் கசப்பான ஒரு விடயம்

பிறவிக் குளுக்கோமாவுக்குக் காரணமான பிரதான பரம்பரையலகு 1997இல் இனங்காணப்பட்டது. இது பெரும்பாலும் பின்னிடைவாகக் கடத்தப்படுகிறது. அதாவது தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வைத்திருந்தும் நோயில்லாமல் இருப்பார்கள். இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேரும் பிள்ளைக்கே நோய் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இரத்த உறவுக்குள் திருமணம் செய்யும்போது இருவரும் ஒரே பழுதைக் கொண்டிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

மேற்கு நாடுகளில் பத்தாயிரம் பிறப்புக்களுக்கு ஒன்று அல்லது அதிலும் குறைவாகக் காணப்படும் இந்நோய், சவூதி அரேபியாவில் ஏறக்குறைய 2,500க்கு ஒன்று. இந்தியாவின் ஆந்திராவில் ஏறக்குறைய 3,300க்கு ஒன்று. ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களிடையே 1,250க்கு ஒன்று. இவர்கள் மதத்தால் வேறுபட்டவர்கள். பொதுவாக இருப்பது நெருங்கிய வட்டத்துக்குள் மணமுடிக்கும் வழக்கம். ஆகவே இது மார்க்கத்தைக் குறை சொல்லும் விடயமல்ல. மச்சான் மச்சாள் திருமணத்தை இஸ்லாம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருப்பது தெரிந்தும் "காணி வெளியே போகக் கூடாது" என்பதற்காக மீண்டும் அதே குடும்பத்துக்குள் முடிச்சுப் போடுவதைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும். ஏற்கனவே மணமுடித்தவர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதில் பயனில்லை. தாயின் தலையில் பழியைப் போடுவது அநியாயம். பிரதி இருவரிடமிருந்தும் வந்தது. அடுத்த பிள்ளை பிறந்தவுடனேயே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுதான் செய்ய வேண்டியது.

இன்னொன்று முற்றிலும் எமது கையில் இருப்பது. கண் கடிக்கிறது, சிவக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாமசியில் வாங்கி விடும் சில சொட்டுக்களில் ஸ்டெரொய்ட் இருக்கிறது. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு அது இரண்டு நாளில் சுகம் தருவதால், வைத்தியர் ஒரு வாரத்துக்கு எழுதியதை ஒரு வருடமாக வாங்கி விடுகிறார்கள். மாதக்கணக்கில் பாவித்தால் அதுவே கண் அழுத்தத்தைக் கூட்டிக் குளுக்கோமாவை உண்டாக்கும். வலி இருக்காது. பிள்ளை கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும்போது நரம்பு பாதி போயிருக்கும். பழைய துண்டைக் காட்டிச் சொட்டு வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பொறுமை என்பது எது?

அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவர், இரு கண்களையும் இழந்து பொறுமை காப்பவருக்குச் சுவர்க்கம் உண்டு என்ற நபிமொழியை நினைவூட்டி, "அல்லாஹ்வின் நாட்டம் எண்டு பொருந்திக்கிட்டு இருங்க" என்றாராம். அந்த நபிமொழி உண்மை. ஆனால் அது சோதனை வந்து சேர்ந்தவருக்கான ஆறுதல். சிகிச்சை இருக்கும்போது அதைச் செய்யாமல் ஒரு பிள்ளையின் பார்வையை விட்டுக்கொடுப்பதற்கான அனுமதியல்ல. மருந்து செய்யுங்கள் என்று வழிகாட்டியவரும் அதே நபியவர்கள்தான். பிள்ளையின் கண் எமக்குத் தரப்பட்ட அமானிதம். அதற்காக மாதாமாதம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வரிசையில் நின்று, மறுநாள் விடியத் திரும்பி வரும் அந்தத் தாயின் பயணம்தான் நான் கண்ட பொறுமை.

நோன்பு காலத்தில் சொட்டு மருந்தை விட்டுவிடும் வளர்ந்தவர்களும் எம்மில் இருக்கிறார்கள். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸக்காத் குழுக்களும் ஒன்றைக் கவனிக்கலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் தூர இடத்துக்குப் போய் வரும் செலவும், நாட்கூலியை இழப்பதும், கண்ணாடிச் செலவும் ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் சுமை. கிளினிக் தவறுவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, பல வீடுகளில் பஸ் காசு இல்லாததே காரணம். ஊரில் இவ்வாறான இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால், அவர்களின் கிளினிக் பயணத்துக்கு மட்டும் ஓர் ஒழுங்கு செய்துகொடுப்பது பெரிய காரியமாகும்.

ஆசிரிய சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் முகம் சுளிக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன்னர் ஒரு தடவை கண்ணைப் பாருங்கள். தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடைபெறும் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நாளில் சந்தேகமான பிள்ளைகளின் பெயரைக் குறித்துக் கொடுங்கள். கண் விரிந்த பிள்ளைக்குச் சிறிய அடியும் ஆபத்து என்பதால் பந்து விளையாட்டில் கவனம் தேவை. பரீட்சைகளில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கான விசேட ஏற்பாடுகளுக்கு, வைத்தியச் சான்றுடன் காலத்தோடு விண்ணப்பிக்கப் பெற்றோருக்கு உதவுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு முதல் லேசரின் பின்னர் ஆறாவது வாரத்தில் அழுத்தம் 19 ஆக இறங்கியது. சில மாதங்களில் 26க்கு ஏறியது. இரண்டாம் தடவை செய்தார்கள். இப்போது 17. ஒரு சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. இடது கண்ணில் முன்பிருந்த அளவு பார்வைதான், பக்கத்தில் காட்டும் விரலை எண்ணுவான். கூடவில்லை. குறையவுமில்லை. வலது கண்ணால் முன்வரிசையில் இருந்து எழுதுகிறான். காலைக் கூட்டத்தில் அவனுக்கு மர நிழலில் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கண்களைப் பாதுகாப்பானாக. சோதனைக்குள்ளான பெற்றோருக்குத் தெளிவையும் மன உறுதியையும் தருவானாக. ஆமீன்.